கேட்காமல் வந்த பாக்கெட்டுகள்: வீட்டு ஃபயர்வாலின் சின்ன வரலாறு

கார்த்திகை தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் யாரோ ஊரை முற்றுகை போட வருவது போலத் தோன்றும். திண்டிவனம், செஞ்சி பக்கமிருந்து பஸ், வேன், கார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூருக்கென்று வந்தவர்கள் எத்தனை பேர்? எல்லோருக்கும் திருவண்ணாமலை போக வேண்டும். நடுவில் யாராவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி "அண்ணே, கோயிலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கலாம். தண்ணீர் கேட்கலாம். வேறொரு வீடு என்று நினைத்துத் தவறிப்போய்த் தட்டலாம். நூற்றில் ஒருவன், கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பவனாகவும் இருக்கலாம்.

வீட்டு பிராட்பேண்ட் மோடத்தில் ஃபயர்வால் லாக் என்று ஒரு பக்கம் இருக்கும். (தமிழில் தீயரண், தீச்சுவர் என்று இரண்டு பெயர் உண்டு. புழக்கத்தில் ஃபயர்வால்தான்.) ஒரு முறை அதைத் திறந்து பார்ப்பவர்களுக்கு வருவதும் இதே பயம்தான். கேள்விப்பட்டே இராத நாட்டிலிருந்து, பெயர் தெரியாத முகவரியிலிருந்து, நிமிடத்துக்குப் பல தடவை யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது" என்று வரிசையாக வரிகள். ஹேக்கர் வந்துவிட்டான் என்று உடனே நண்பனுக்கு போன்!

அந்த வரிகளில் பெரும்பாலானவை தீபத்துக்குப் போகிற கூட்டம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதைவிடச் சுவாரசியமான இன்னொன்றும் இந்த வரலாற்றில் இருக்கிறது. எல்லோரும் உள்ளே வருகிற வரிகளையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபத்து பல நேரம் வெளியே போகிற வரியில் இருந்தது.

முதலில் ஆரம்பத்திலிருந்து வரலாம்.

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் விட்ட ஒரு புழு (வோர்ம்) அன்றைய சின்னஞ்சிறு இணையத்தின் கணிசமான பகுதியைப் படுக்க வைத்தது. அதுவரை இணையம் என்பது ஒருவரையொருவர் தெரிந்தவர்களின் தெரு மாதிரி. கதவைப் பூட்டும் வழக்கமே இல்லை. மோரிஸ் புழுவுக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் வாசலில் ஒரு காவல் கணினியை வைக்கும் வேலையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டன.

அப்படி வாசலில் காவல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பெலோவின், வில்லியம் செஸ்விக் இருவரும். 1994-இல் இவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் ஃபயர்வால் பற்றி ஒரு தலைமுறைக்கே பாடப் புத்தகமாக இருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1993-இல் பெலோவின் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். வீட்டில் லாக் பார்த்து பயப்படுகிற யாரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. தங்கள் வாசலுக்கு வரவே கூடாத பாக்கெட்டுகள் என்னென்ன வருகின்றன என்று அவர் பொறுமையாகச் சேகரித்தார். அவற்றில் உண்மையான தாக்குதலின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் கூடவே எங்கேயோ யாரோ தவறாக அமைத்த கணினி, பிழையான மென்பொருள் என்று தீங்கில்லாத குப்பையும் வகை வகையாக இருந்தது. அதாவது வீட்டில் பிராட்பேண்ட் என்ற பேச்சே இல்லாத 1993-இலேயே, விசித்திரமான பாக்கெட் எல்லாம் எதிரி அல்ல என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

வீடுகளுக்கு இந்தப் பிரச்சினை வந்தது தாமதமாகத்தான். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது எல்லாம் டயல்-அப். கிர்ர்ர் என்று கத்தி, இணைந்து, மின்னஞ்சல் பார்த்துவிட்டு உடனே துண்டித்துவிடுவார்கள். போன் பில் ஏறும் என்ற பயம்! ஒவ்வொரு தடவையும் புது முகவரி. அரை மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் கடையில் திருடன் வருவதற்கு நேரம் எங்கே? 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது (256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அன்று பிராட்பேண்ட்!). 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. அதன் பிறகுதான் நம் வீடுகளில் எப்போதும் எரிகிற பச்சை விளக்கோடு ஒரு பெட்டி குடியேறியது. இரவெல்லாம் கதவு இருக்கிறது, இரவெல்லாம் தட்டல் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் தட்டலும் சாதாரணத் தட்டல் இல்லை. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தமே 376 பைட்! இந்தப் பத்தியை விடச் சிறியது. ஒரே ஒரு யு.டி.பி. பாக்கெட்டில், 1434 என்ற போர்ட்டுக்கு வரும். ஆரம்பத்தில் எட்டரை விநாடிக்கு ஒரு முறை அதன் எண்ணிக்கை இரட்டித்தது. தாக்கக்கூடிய கணினிகளில் தொண்ணூறு சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்ட் 11-இல் பிளாஸ்டர். விண்டோஸ் எக்ஸ்.பி. கணினி "60 விநாடியில் அணைந்துவிடும்" என்று ஒரு பெட்டியைக் காட்டி எண்ண ஆரம்பித்தது ஞாபகம் இருப்பவர்கள் இருப்பார்கள். அது 135-ஆம் போர்ட் வழியாக வந்தது. ஒட்டுப் போடாத விண்டோஸ் கணினியை நேரடியாக இணையத்தில் மாட்டினால் சராசரியாக இருபது நிமிடத்தில் ஏதாவது ஒன்று பிடித்துவிடும் என்று 2004-இல் சான்ஸ் அமைப்பு கணக்குச் சொன்னது. ஒட்டு மென்பொருளை டவுன்லோட் செய்து முடிக்கவே அதைவிட நேரமாகும்! அந்த வருடம் ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்.பி. இரண்டாம் சர்வீஸ் பேக்கில் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

ஸ்லாமரில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அது செத்துப்போகவே இல்லை. எங்கோ ஒரு மூலையில் யாரும் பார்க்காத ஒரு சர்வர், வருடக்கணக்கில் அதே 376 பைட்டை உலகம் முழுக்க வீசிக்கொண்டே இருந்தது. அனுப்பியவருக்கே தெரியாது. வாங்கியவர் லாக்கில் அதைப் பார்த்து "யாரோ என்னைக் குறிவைக்கிறார்கள்" என்று நினைப்பார்.

இந்த மாதிரி எப்போதும் வீசிக்கொண்டே இருக்கும் குப்பைக்கு ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் ஒரு பெயர் வைத்தார்கள்: இணையத்தின் பின்னணிக் கதிர்வீச்சு. வானியலில் பிரபஞ்சம் முழுக்க எல்லாத் திசையிலிருந்தும் வரும் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து எடுத்த பெயர். அதை அளந்த விதம் அழகானது. யாருமே குடியில்லாத முகவரிகளை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குக் கடிதம் வந்தால் அது யாருக்காகவும் வந்ததல்ல, இல்லையா? பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

அதற்கும் முன்னால், 2001 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவில் சான் டியேகோவைச் சேர்ந்த டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டீஃபன் சாவேஜ் மூவரும் இதே முறையில் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லாக்கில் சில வரிகள் "கேள்வி" அல்ல, "பதில்"! டி.சி.பி. முறையில் இணைப்பு தொடங்குபவர் முதலில் ஒரு சின் பாக்கெட் அனுப்புவார். எதிராளி சின்-ஆக் என்று பதில் தருவார். நீங்கள் எதையும் கேட்காமலேயே சின்-ஆக் வந்தால் என்ன அர்த்தம்? எங்கோ ஒருவன் அந்த சர்வரைத் தாக்குகிறான், அனுப்புநர் முகவரியில் வாய்க்கு வந்த எண்களைப் போட்டு. அதில் உங்கள் எண்ணும் ஒன்று. பாவம், அடி வாங்குகிற சர்வர் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. லாக்கில் குற்றவாளி மாதிரித் தெரிபவர் உண்மையில் பாதிக்கப்பட்டவர். இந்தப் பதில்களை மட்டும் எண்ணியே மூன்று வாரத்தில் 12,000-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் நடந்ததை அவர்கள் கணக்கெடுத்துவிட்டார்கள்.

இதில் நம் ஊர் இணைப்புகளுக்கென்று இன்னொரு வகையும் சேரும். மோடத்தை அணைத்துப் போட்டால் வேறு முகவரி கிடைக்கும் இணைப்புகளில், அந்த முகவரி சற்று முன்வரை வேறு ஒருவருடையதாக இருந்திருக்கும். அவர் டோரண்டில் படம் இறக்கிக்கொண்டிருந்தார் என்றால், அவரைத் தேடி உலகம் முழுக்க இருந்து வரும் பாக்கெட்டுகள் சில மணி நேரத்துக்கு உங்கள் வாசலில் விழும். பழைய குடித்தனக்காரருக்கு வரும் தபால் மாதிரி.

சரி, அப்படியென்றால் லாக்கே பார்க்க வேண்டாமா? அங்கேதான் 2003-இல் விஸ்கான்சினில் நடந்த கதை முக்கியமாகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் பொதுச் சேவையாக ஒரு நேர சர்வரை வைத்திருந்தது. யாருடைய கணினியும் அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். 2003 மே 14 அன்று அந்த சர்வரைத் தேடி விநாடிக்குச் சுமார் 40,000 பாக்கெட்டுகள் வருவதை அங்கே நெட்வொர்க் வேலை பார்த்த டேவ் ப்ளோங்காவும் சகாக்களும் கவனித்தார்கள். பார்த்தவுடன் தோன்றுவது சேவை மறுப்புத் தாக்குதல். வழக்கமான வைத்தியம் செய்தார்கள். அந்தப் பாக்கெட்டுகள் எல்லாம் 23457 என்ற ஒரே மூலப் போர்ட்டிலிருந்து வந்தன, அதை வைத்து வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தாக்குகிறவன் சலித்துப் போய்விடுவான் என்பது எதிர்பார்ப்பு. ஜூனில் பார்த்தால் விநாடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட், 150 மெகாபிட்!

தடுக்கத் தடுக்க அதிகமாகும் தாக்குதல் எங்கேயாவது உண்டா? ப்ளோங்கா அந்த இடத்தில்தான் சரியான கேள்விக்கு வந்தார். வந்த பாக்கெட்டை மட்டும் பார்க்காமல், அதை அனுப்புகிறவர்களைத் தேடிப் போய் விசாரித்தார். அனுப்பிக்கொண்டிருந்த சில முகவரிகளின் நிர்வாகிகளுக்கு, உங்கள் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று எழுதிக் கேட்டார்கள். வந்த பதில்கள் ஒரே பொருளைக் காட்டின: நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரூட்டர்.

அதாவது, தாக்கியது வீட்டு ஃபயர்வால் பெட்டியே! அந்த ரூட்டர்களின் மென்பொருளில் பல்கலைக்கழகத்தின் சர்வர் எண்ணை யாரோ அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். பதில் வந்தால் சும்மா இருக்கும். பதில் வராவிட்டால் ஒவ்வொரு விநாடியும் திரும்பத் திரும்பக் கேட்கும். பல்கலைக்கழகம் தடுத்ததால் பதில் போகவில்லை, பதில் போகாததால் ரூட்டர்கள் இன்னும் வேகமாகக் கேட்டன. இப்படிப்பட்ட பெட்டிகள் ஏழு லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தன. நெட்கியர் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. ஆனால் வீட்டு ரூட்டருக்கு மென்பொருளை யார் போய் மாற்றப்போகிறார்கள்? பெட்டி வேலை செய்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து, 2006-இல் டி-லிங்க் ரூட்டர்கள் டென்மார்க்கில் ஒரு நேர சர்வரை இதே மாதிரிப் படுத்திய கதையும் வெளியே வந்தது. பாடம் யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

இந்தக் கதையில் அந்த ஏழு லட்சம் வீடுகளின் பக்கமிருந்து ஒரு நிமிடம் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த வீட்டுக்காரர்கள் ஃபயர்வால் லாக்கைப் பார்த்திருந்தால், உள்ளே வர முயன்ற சீனா, ரஷ்யா, பிரேசில் முகவரிகளைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்கள். அவர்கள் பெட்டியிலிருந்து விநாடிக்கு ஒன்றாக வெளியே போன பாக்கெட்டை அந்த லாக் காட்டியிருக்காது. வீட்டு ஃபயர்வால்கள் பெரும்பாலும் உள்ளே வருவதை மறுத்து, வெளியே போவதை அப்படியே விட்டுவிடும்படிதான் அமைக்கப்படுகின்றன.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டிப் போனால் வரும் செஞ்சிக் கோட்டையிலும் இதே கதை உண்டு. 1690-இலிருந்து 1698 வரை முகலாயப் படை ஜுல்ஃபிகார் கான் தலைமையில் அதை முற்றுகையிட்டது. மூன்று மலையை இணைக்கும் மதில், அகழி, வாசலுக்கு வாசல் திருப்பம், எல்லாமே உள்ளே வருகிறவனை நிறுத்தக் கட்டப்பட்டவை. கோட்டை கடைசியில் விழுந்தது. ஆனால் அவர்கள் பிடிக்க வந்த மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இல்லை. அதற்குள் வெளியேறிவிட்டிருந்தார்! முற்றுகை போட்டவர்களுக்கு அது நஷ்டம், ராஜாராமுக்கு லாபம். ஃபயர்வாலில் மட்டும் வெளியேறுவது ராஜாவாக இருக்காது, பெரும்பாலும் திருடனாகத்தான் இருக்கும்.

அந்தத் திருடன் நம் வீடுகளுக்கு எப்படி வந்தான் என்பதற்கு 2016, 2017 இரண்டு வருடங்களும் சாட்சி.

2016 ஆகஸ்டில் மிராய் என்ற நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வேலை மிக எளிது. 23, 2323 என்ற டெல்நெட் போர்ட்டுகளைத் தட்டும். திறந்தால், தன்னிடம் இருக்கும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அட்மின்-அட்மின், ரூட்-ரூட் வகையறா. எல்லாம் கம்பெனிக்காரர்களே போட்டு அனுப்பியவை. வீட்டு கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர் என்று எது சிக்கினாலும் அதைத் தன் படையில் சேர்த்துவிடும். அந்தப் படை 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் திறக்கவில்லை. எழுதியவர்கள் ஒரு நாட்டு உளவுத்துறை என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். பிடிபட்டது பராஸ் ஜா என்ற கல்லூரி மாணவரும் இரண்டு கூட்டாளிகளும்! மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தொழில் போட்டியில் ஆரம்பித்த சமாச்சாரம் அது. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அதே 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் ஒன்பது லட்சம் வீட்டு ரூட்டர்கள் தடுமாறின. இந்த முறை தட்டப்பட்டது 7547 என்ற போர்ட். இது எதற்கென்றால், இணைப்பு கொடுக்கும் நிறுவனம் தூரத்திலிருந்தே உங்கள் மோடத்தைச் சரிசெய்வதற்கு. டி.ஆர்.-069 என்று 2004-இல் வந்த தரம். வீட்டுக்காரர் மூடாத, வீட்டுக்காரருக்கே தெரியாத பின்வாசல் அது.

அடுத்து நம் முறை. 2017 ஜூலை கடைசி வாரத்தில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் கூட்டம் கூட்டமாகச் செயலிழந்தன. சுமார் 60,000 மோடங்கள் என்று செய்திகள் வந்தன. எம்.டி.என்.எல். இணைப்புகளும் பாதிக்கப்பட்டன. பாஸ்வேர்டை மாற்றாமல் 'அட்மின்' என்றே வைத்திருந்தவர்களின் மோடங்கள்தான் சிக்கின, மையக் கட்டமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. இதைச் செய்ததாகச் சொல்லப்பட்டது பிரிக்கர்பாட் என்ற நிரல். அதே வருடம் ஏப்ரலில் ராட்வேர் நிறுவனம் அதைப் பற்றி எச்சரித்திருந்தது. மிராய் மாதிரி இது படை சேர்ப்பதில்லை. உள்ளே நுழைந்து பெட்டியின் நினைவகத்தை அழித்து அதைச் செங்கல்லாக்கிவிடும். எழுதியவர் தன்னைத் துப்புரவாளர் என்று அழைத்துக்கொண்டார். பாதுகாப்பில்லாத பெட்டிகள் மிராய் கையில் போவதற்கு முன் தானே அவற்றைக் கொன்றுவிடுவதாகவும், இது இணையத்துக்கான கீமோதெரபி என்றும் அவருடைய வாதம். இந்தியாவில் நடந்ததற்கும் தானே பொறுப்பு என்று சொல்லிக்கொண்டார்.

நல்ல வாதம் மாதிரித் தோன்றலாம். ஆனால் ஒரு சிறு ஊரில் பிராட்பேண்டை நம்பி பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவருக்கு, விண்ணப்பம் போட கடைசி தேதி நெருங்கும் மாணவனுக்கு, இந்த கீமோதெரபி என்ன செய்திருக்கும்? கதவைப் பூட்டாத வீட்டைக் கொளுத்திவிட்டு, திருடன் வராமல் காப்பாற்றினேன் என்பது போன்றதுதான் அது. பூட்டும் சாவியும் கொடுக்காமல் வீட்டை ஒப்படைத்தவர்களைப் பற்றி அவருடைய வாதத்தில் பேச்சே இல்லை.

சரி, இத்தனை கதைக்குப் பிறகு லாக்கைப் பார்த்தால் என்ன செய்வது? உள்ளே வர முயன்று தடுக்கப்பட்ட வரிகளை விட்டுவிடலாம். ஃபயர்வால் தன் வேலையைச் செய்திருக்கிறது. பல இணைப்புகளில் நிறுவனமே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. மோடத்தின் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் அந்த ஏற்பாடு என்று அர்த்தம். அங்கே வெளித்தட்டல் வாசல் வரைக்கும் வருவதே குறைவு. வீட்டுக்குள்ளேயே 239.255.255.250 என்ற முகவரிக்கும் 224.0.0.251-க்கும் போகிற பாக்கெட்டுகளைப் பார்த்தும் பயம் வேண்டாம். டி.வி., பிரிண்டர், போன் எல்லாம் "யாராவது இருக்கிறீர்களா?" என்று பக்கத்து அறையைக் கூப்பிடும் சத்தம் அது.

பார்க்க வேண்டியது மூலம் வீட்டுக்குள் இருக்கும் வரி. எந்தப் பெட்டி (மேக் முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்), எந்தப் போர்ட்டுக்கு, எத்தனை விநாடிக்கு ஒரு முறை? ஒரே நேர சர்வரை விடாமல் கேட்டால் அது மென்பொருள் பிழை. ஆனால் வீட்டு கேமரா ஒன்று, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான முகவரிகளின் 23-ஆம் போர்ட்டுக்குப் போகிறது என்றால் அது தட்டிப் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டது. மிராய் நினைவகத்தில் மட்டும் இருப்பது. அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் திரும்ப மாட்டினால் சீக்கிரமே மறுபடி வந்துவிடும். அதனால் கேபிளைக் கழற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, அப்புறம்தான் இணைக்க வேண்டும்.

இப்படி வெளியே போவதைக் கவனிப்பது வீட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

2019 அக்டோபர் 28 அன்று புக்ராஜ் சிங் என்ற இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்விட்டரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி அமைப்பில் ஊடுருவல் நடந்திருப்பதாக எழுதினார். டிட்ராக் என்ற உளவு நிரலின் ஒரு மாதிரி, வைரஸ்டோட்டல் என்ற பொதுத் தளத்தில் கிடைத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரோடு ஒரு நிர்வாகிக் கணக்கு எழுதப்பட்டிருந்தது! யாருக்காகவும் வராத பின்னணிக் குப்பை இல்லை இது. விலாசம் எழுதி வந்த கடிதம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், செப்டம்பர் 23-இல், இந்தியாவின் நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் டிட்ராக் இருப்பதாகவும், அது லாசரஸ் என்ற குழுவின் கைவேலை போல இருப்பதாகவும் காஸ்பர்ஸ்கி நிறுவனம் எழுதியிருந்தது. தட்டச்சு செய்யும் எழுத்துகள், பிரவுசரில் பார்த்த தளங்களின் பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோவது அதன் வேலை.

அக்டோபர் 29-இல் நிலையம் ஓர் அறிக்கை விட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாதது, அதன் மேல் இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. அக்டோபர் 30-இல் இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை விட்டது. நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை, நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒருவரின் கணினியில் அது இருந்தது, முக்கியமான உள்வலை அதிலிருந்து தனியே இருக்கிறது, நிலைய அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

இரண்டு அறிக்கையும் ஒன்றுக்கொன்று நேர் முரண் இல்லை என்று வாதாடலாம். முதல் அறிக்கை கேட்ட கேள்வி, "உள்ளே உலை வரை வர முடியுமா?". இரண்டாவது பதில் சொன்ன கேள்வி, "எங்காவது உள்ளே இருந்ததா?". மக்கள் பயந்தது முதல் கேள்விக்கு. அந்த நிரல் வந்திருந்தது அலுவலகத் தகவல்களுக்கு. அணு உலை வெடிக்குமா என்ற பரபரப்பில், என்ன வெளியே போனது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்த மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். அது திரட்டிய தகவலை நேரே வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. 10.38 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரிக்கு, அதாவது அதே வலைக்குள் இருந்த இன்னொரு கணினிக்கு முதலில் நகலெடுத்து வைத்தது. வாசலில் இருக்கும் ஃபயர்வால் லாக்கை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த நகலெடுப்பு ஒரு வரியாகக்கூட இருக்காது. ஏனென்றால் அந்தப் பாக்கெட் வாசலுக்கே வரவில்லை.

கண்டுபிடிப்பு வந்த வழியையும் பார்க்க வேண்டும். அணுமின் கழகத்துக்கு இது பற்றித் தகவல் கொடுத்தது, நாட்டின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2019 செப்டம்பர் 4 அன்று. புக்ராஜ் சிங்குக்கு இதைச் சொன்னது வெளியே இருந்த மூன்றாம் தரப்பு ஒன்று. விஸ்கான்சின் கதையில் ரூட்டர் வைத்திருந்த சிலருக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது, தங்கள் வீட்டுப் பெட்டி விநாடிக்கு ஒரு தடவை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது என்று.